பச்சை உடம்பும் ராத்திரி வியர்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வார்டில் இருபது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்தேன். விடியற்காலை ரவுண்டு போனால் மூன்றாம் நாள், நான்காம் நாள் கட்டில்களில் யாராவது ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, "சிஸ்டர், தொப்பலா நனைஞ்சிட்டேன். எனக்கு என்னமோ ஆகுது" என்பாள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. சொந்தக்காரப் பெண்கள், அவர்களுடைய தோழிகள், தோழிகளின் அம்மாக்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. கேள்விகள் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

மடியில் குழந்தையும் ஒரு கையில் போனுமாக ராத்திரி இரண்டு மணிக்கு இதைப் படிக்கிறவர்கள், காய்ச்சல் பற்றிய கேள்வியையும் கடைசிக்கு முந்தைய கேள்வியையும் முதலில் படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை பிறந்து நாலு நாள் ஆச்சு. ராத்திரி முழிச்சுப் பார்த்தா நைட்டி, தலையணை எல்லாம் நனைஞ்சு கிடக்கு. இது சாதாரணம்தானா?

பெரும்பாலும் சாதாரணம்தான். காய்ச்சல் இல்லை, தலைசுற்றல் இல்லை, எழுந்து துணி மாற்றினால் நன்றாக இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 429 பெண்களைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அதில் 100க்கு 29 பேர், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு திடீரென்று கொதித்து அடங்குவதாகச் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில்தான் அது உச்சத்தில் இருந்தது.

நம் ஊர் வெயிலில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனா ஏன் இப்படி ஊத்துது? நான் ஒண்ணும் வேலையே செய்யலையே?

காரணம் இரண்டு. முதலாவது, சேர்த்து வைத்த தண்ணீர். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. இரத்தம், பனிக்குடம், குழந்தை, கால் வீக்கம் எல்லாம் சேர்த்தால் உடம்பில் கூடுதலாக 6 முதல் 8 லிட்டர் தண்ணீர் இருக்கும். பிரசவத்தோடு ஒரு பகுதி போய்விடும். மீதியைச் சிறுநீராகவும் வியர்வையாகவும் உடம்பு வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் அடிக்கடி பாத்ரூம் போகிறீர்கள் அல்லவா, அதுவும் இதே கணக்குதான்.

இரண்டாவது, ஹார்மோன். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் அத்தனை மாதமாக அள்ளிக் கொடுத்தது நஞ்சுக்கொடிதான். அது வெளியே வந்த இரண்டு மூன்று நாளில் இரண்டும் சரசரவென்று இறங்கிவிடும். உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதிக்கு ஹைபோதலாமஸ் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் அது கொஞ்சம் தடுமாறுகிறது. லேசாகச் சூடு ஏறினாலே தீப்பிடித்துவிட்டது மாதிரி வியர்வையைத் திறந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கிற வயதில் உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ திடீர் திடீரென்று வியர்த்ததே, கிட்டத்தட்ட அதேதான் இது. அவர்களுக்கு வருடக்கணக்கில் போகலாம், உங்களுக்கு வாரக்கணக்கில் முடிந்துவிடும்.

பகல்ல இவ்வளவு இல்லையே. ராத்திரி மட்டும் ஏன்?

மனித உடம்பின் சூடு சாயங்காலம் கொஞ்சம் ஏறி, தூங்கத் தொடங்கியதும் இறங்கும். சூட்டை இறக்க உடம்பு பயன்படுத்துகிற வழியே வியர்வைதான். பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் காலில் தேங்கிய நீரும், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இதற்கு மேல் ஜன்னலைச் சாத்தி, போர்வையைப் போர்த்தி விடுகிறோம். வேறென்ன ஆகும்?

எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?

முதல் இரண்டு வாரம் அதிகம். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு ஒரு நாள் என்று குறையும். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். தாய்ப்பால் கொடுக்கிற வரை ஈஸ்ட்ரோஜன் குறைவாகவே இருப்பதால் சிலருக்கு லேசாக இன்னும் சில வாரம் இழுக்கலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் விட்டு வேர்க்குதா, சும்மா வேர்க்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. வியர்த்த தோல் உள்ளே காய்ச்சல் இருந்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். பிரசவத்துக்கு என்று வீட்டில் எத்தனையோ வாங்குகிறோம், இதை மட்டும் மறந்துவிடுகிறோம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். பிரசவமான ஆறு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "பார்க்கலாம்" என்று வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளப்பதிலும் சூட்சுமம் உண்டு. வியர்வையோடு அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். பால் கட்டி மார்பு கனத்திருக்கும்போது அதே அக்குள் கூட்டிக் காட்டும். அதனால் நாக்குக்கு அடியில் வைத்து அளப்பது நல்லது. சூடாக எதையாவது குடித்திருந்தால் இருபது நிமிடம் கழித்து அளவுங்கள்.

இன்னொன்று. தையல் வலிக்கு பாராசிட்டமால் மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறவர்களுக்கு, அது வலியோடு காய்ச்சலையும் மறைத்துவிடும். காய்ச்சல் இறங்கும்போது வியர்த்துக் கொட்டுவதும் உண்டு. ஆகவே அடுத்த மாத்திரைக்கு முன்னால் ஒரு முறை அளந்து பாருங்கள். குளிர் நடுக்கம் எடுத்து அப்புறம் வியர்த்தால், எண் எவ்வளவு காட்டினாலும் அது சும்மா வியர்வை இல்லை.

பால் கட்டினா காய்ச்சல் வரத்தான் செய்யும்னு அம்மா சொல்றாங்க. அப்படி விட்டுடலாமா?

மூன்றாம் நான்காம் நாளில் பால் இறங்கும்போது இரண்டு மார்பும் கல்லாகி, உடம்பு லேசாகச் சுடுவது உண்டுதான். ஆனால் அது ஒரு நாளைத் தாண்டாது. குழந்தைக்கு அடிக்கடி கொடுத்தோ கையால் பீய்ச்சியோ காலி செய்தால் அடங்கிவிடும். ஒரு மார்பில் மட்டும் ஓரிடம் சிவந்து, தொட்டால் உயிர் போகிற வலி, காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் அது மார்பழற்சி. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால்தான் கட்டி இன்னும் மோசமாகும்.

ஃபேன் போட்டா ஜன்னி வந்துரும்னு மாமியார் ஸ்விட்சையே தொட விட மாட்டேங்கிறாங்க. நிஜமா வருமா?

வராது. ஆனால் உங்கள் மாமியாரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அவருடைய அம்மா காலத்தில் பச்சை உடம்புக்காரிகள் ஜன்னி கண்டு செத்தது உண்மை. அன்றைக்கு ஜன்னி என்று சொன்னதில் இரண்டு நோய் கலந்திருந்தது என்பது என் எண்ணம். ஒன்று, கருப்பையில் கிருமி ஏறி, காய்ச்சல் முற்றிப் பிதற்றுவது. மற்றொன்று, இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வருவது. முதலாவதில் குளிர் நடுக்கம் எடுத்து வியர்க்கும், இரண்டாவதில் உடம்பே வெட்டி இழுக்கும். பார்த்தவர்கள் 'குளிர்ந்த காற்று பட்டுவிட்டது' என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

உண்மையான குற்றவாளி பிரசவம் பார்த்த கை. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இல், பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மாணவர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. காற்றையோ ஜன்னலையோ அவர் மாற்றவில்லை.

ஃபேன் காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். ஏசி இருந்தால் 26, 27இல் வைத்து, காற்று நேராகத் தாய் மீதோ குழந்தை மீதோ அடிக்காமல் திருப்பி விடுங்கள். மாமியாரோடு சண்டை போட வேண்டாம். தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, "அத்தே, காலையும் ராத்திரியும் நீங்களே பார்த்துச் சொல்லுங்க, ஜன்னி வந்தா இதுலதான் முதல்ல தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் அறிந்த பல வீடுகளில் ஃபேன் இப்படித்தான் சுற்ற ஆரம்பித்தது.

காதுல பஞ்சு, தலையில துண்டு, ஸ்வெட்டர், சாக்ஸ். இதெல்லாம் கட்டாயமா?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழியில் பிள்ளை பெற்றிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் கத்திரி வெயிலில் எதற்கு? வியர்த்துக் குளித்திருக்கும் உடம்பை மேலும் மூடினால் வியர்வை கூடும், உப்புச்சத்து போகும், வேர்க்குரு வரும், தலைசுற்றும். பஞ்சு வைப்பதால் தீங்கில்லை, வீட்டில் சமாதானம் வேண்டுமென்றால் பஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தையை அளவுக்கு மீறிப் பொதிவதுதான் இதைவிடப் பெரிய தப்பு. உங்களுக்கு எத்தனை துணி போதுமோ அதைவிட ஒன்று கூடுதலாக அதற்குப் போதும். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தொட்டால் ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும் குழந்தைக்கு அதிகச் சூடு ஆபத்து.

தண்ணி நிறைய குடிச்சா தொப்பை விழும், தையல்ல சீழ் வைக்கும்னு அரை டம்ளர்தான் தர்றாங்க.

இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் போகிறது. அதன் மேல் ராத்திரி வியர்வை. தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரில் எரிச்சல், மலச்சிக்கல், மலம் கழிக்க முக்கினால் தையலில் வலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தையலில் சீழ் வைப்பது கிருமியால், தண்ணீரால் அல்ல. தொப்பை, பத்து மாதம் விரிந்த வயிற்றுத் தசை. கருப்பை உள்ளே சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகும். 'உடம்பில் நீர் ஏற்கெனவே அதிகம் என்றாயே' என்று கேட்பீர்கள். அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு வழி தெரியும். நாம் பட்டினி போட வேண்டாம்.

தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பச்சைத் தண்ணீருக்கு வீட்டில் தடை என்றால் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெதுவெதுப்பான தண்ணீர் கேளுங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

இளநீர், மோர் குடிச்சா குழந்தைக்குச் சளி பிடிக்குமா?

பிடிக்காது. சளி கிருமியால் வருகிறது. நீங்கள் எதைக் குடித்தாலும் பால் உடம்புச் சூட்டில்தான் சுரக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீருக்கு முன்னால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பிரசவ லேகியம் எல்லாம் குடுக்கிறாங்க. அதனாலயும் வேர்க்குமா?

காரம் சாப்பிட்டால் யாருக்கும் வியர்க்கும். சுக்கும் மிளகும் ராத்திரிச் சாப்பாட்டில் வேண்டாம், மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் சூடான காபியும் வேண்டாம். பூண்டு, பால் சுறாப் புட்டு, கருவாடு இவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சுறாவில் புரதம் இருக்கிறது, சாப்பிடுகிற பெண்ணுக்கு வாய்க்கு ருசியாகவும் இருக்கிறது. பிரசவத்தில் இரத்தக் கொதிப்பு இருந்தவர்கள் மட்டும் கருவாட்டு உப்பைத் தள்ளி வையுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள். வீட்டில் கிண்டியதென்றால் நெல்லிக்காய் அளவு போதும்.

படுக்கையை எப்படிப் போட்டா நனையாம இருக்கும்?

நனையாமல் இருக்க வழியில்லை. சுலபமாக மாற்ற வழி உண்டு. ஆஸ்பத்திரி ரெக்சின் மெத்தை மேல் படுத்தவர்களுக்குத் தெரியும், வியர்வை கீழே இறங்காமல் முதுகுக்கடியில் குளமாக நிற்கும். வீட்டில் மெத்தை கெட்டுவிடக் கூடாதென்று ரப்பர் ஷீட் விரித்தாலும் இதே கதைதான். ஷீட் வேண்டும் என்றால் அதன் மேல் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துப் போடுங்கள். அதற்கு மேல் இன்னொன்று. ராத்திரி மேலே உள்ளதை உருவிப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடலாம், விளக்குப் போட்டு மெத்தை விரிப்பை மாற்றும் கூத்து வேண்டாம். தலையணைக்கும் ஒரு துண்டு.

ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும். கோரைப்பாயை அதன் மேல் விரித்துப் படுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சிசேரியன் ஆனவர்கள் தரையில் பாய் போட வேண்டாம், எழுந்திருக்கும்போது தையல் இழுக்கும். உடுப்புக்கு முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி இரண்டு, தலைமாட்டில் தயாராக. நைலான், சாட்டின் வேண்டாம். வயிற்றுக்கட்டு ராத்திரியில் அவிழ்த்துவிடுங்கள்.

வேர்த்து நசநசன்னு இருக்கு. குளிக்கலாமா? தலைக்கு ஊத்தலாமா?

தாராளமாக. சுகப்பிரசவம் என்றால் தெம்பு வந்த அன்றே குளிக்கலாம். சிசேரியன் என்றால் கட்டு எப்போது பிரிக்கிறார்களோ அப்போது மருத்துவர் சொல்வார். அதுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டி உலர்த்துங்கள், போதும்.

பாட்டிமார் கொதிக்கக் கொதிக்க அடித்து ஊற்றுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரத்தம் குறைந்த உடம்பில் அவ்வளவு சூடு பட்டால் குளியலறையிலேயே மயங்கி விழுகிறார்கள். வெதுவெதுப்பு போதும், உட்கார்ந்து குளியுங்கள், கதவைத் தாழ்போடாதீர்கள். சாம்பிராணியைத் தலைமுடிக்குத் தூரத்தில் காட்டிவிட்டுப் போகட்டும், குழந்தை இருக்கிற அறையில் புகை வேண்டாம்.

சிசேரியன் தையல் வேர்வையில நனையுதே. பிரிஞ்சிடுமா?

பிரியாது. ஆனால் தொங்கும் வயிற்று மடிப்புக்கு அடியில் தையல் இருப்பதால் ஈரம் அங்கேயே தங்கும். அரிப்பும் பூஞ்சையும் வரும், புண்ணும் ஆறாது. காலை, மாலை, ராத்திரி துணி மாற்றும்போது என்று மூன்று வேளை சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் ஃபேன் காற்றுப் பட விடுங்கள். பவுடர், மஞ்சள்பொடி, தேங்காயெண்ணெய் எதுவும் தையல் மேல் வேண்டாம். மார்புக்கு அடியிலும் இதே கவனம். பால் கசிந்து நனைந்த பேடை உடனே மாற்றுங்கள்.

பால் குடுக்க ஆரம்பிச்சதும் குப்புன்னு வேர்த்து, தாகமா வருது. ஏதாவது குறையா?

குறை இல்லை. குழந்தை சப்பியதும் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பால் இறங்கச் செய்வது அதுதான். உடம்பு சூடாவதும் தொண்டை வறள்வதும் கண் சொருகுவதும் அதோடு சேர்ந்து வருகிறவை. முதல் நாட்களில் கருப்பை சுருங்கி அடிவயிறு இழுப்பதும் அதனால்தான். குழந்தையின் சூடு வேறு உங்கள் மேல் ஒட்டியிருக்கிறது. சொம்பு எங்கே வைக்கச் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா?

என் மேல வேர்வை நாத்தம். குழந்தைக்கு ஆகாதா? டியோ போடலாமா?

உங்களுக்கு நாற்றம், குழந்தைக்கு அதுதான் அம்மா. பிறந்த சில நாளிலேயே தாயின் வாசனையை அது கண்டுபிடித்துவிடும். வாசனைத் திரவியம் எதையும் மார்பில் அடிக்காதீர்கள். அக்குளுக்கு சோப்பும் தண்ணீரும் போதும். பால் கொடுக்கும் முன் மார்பை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவத் தேவையில்லை, காம்பு வறண்டு வெடிக்கும். வேர்க்குரு வந்தால் குழந்தைக்கும் உங்களுக்கும் பவுடர் கொட்ட வேண்டாம். அந்தத் தூசியைக் குழந்தை மூச்சோடு இழுக்கும்.

எனக்கு வேர்க்கவே இல்லை. கெட்ட நீர் உள்ளேயே தங்கிடுச்சா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். வியர்க்கிறவள் பயப்படுகிறாள், வியர்க்காதவளும் பயப்படுகிறாள். கெட்ட நீர் என்று ஒன்று கிடையாது. கூடுதல் நீர் சிலருக்குச் சிறுநீராகவே முழுக்கப் போய்விடும். கால் வீக்கம் வடிகிறதா என்று மட்டும் பாருங்கள். டிரிப்ஸ் நிறைய ஏற்றியவர்களுக்கு வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

கர்ப்பத்துல சுகர் இருந்துச்சு, ஊசி போட்டேன். இப்போ ராத்திரி வேர்த்து கை நடுங்குது.

இதை ஹார்மோன் வியர்வை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் தேவை சட்டென்று குறைந்துவிடும். கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஊசியையே நிறுத்திவிடுவார்கள். முன்பிருந்தே சர்க்கரை உள்ளவர்கள் பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டு பாலும் கொடுத்தால் ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் ஒன்றாக வந்தால் அதற்கு அறிகுறி. குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றாலும் முதலில் குடித்துவிடுங்கள். காலையில் ஊசி அளவை மருத்துவரிடம் மாற்றச் சொல்லுங்கள்.

மூணு மாசம் ஆச்சு. இன்னும் வேர்க்குது, எடையும் குறைஞ்சுக்கிட்டே போகுது. பால் குடுக்கிறதாலன்னு விட்டுடலாமா?

விடக் கூடாது. இரண்டு சோதனை அவசியம். ஒன்று தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு சுமார் 100க்கு 5 பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. முதல் சில மாதம் அது அதிகமாகச் சுரந்து, வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு என்று காட்டும். அப்புறம் தலைகீழாகி, சுரப்பு குறைந்து சோர்வும் எடையும் கூடும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

மற்றொன்று காசநோய். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. ராத்திரி வியர்வை, சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடைக் குறைவு இவை அதன் அடையாளங்கள். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் அது தலைதூக்குவதும் உண்டு. வீட்டில் முன்பு யாருக்காவது இருந்திருந்தால் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

முழிப்பு வரும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏதோ கெட்டது நடக்கப் போகுதுன்னு தோணுது.

குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி பத்துத் தடவை கை வைத்துப் பார்க்காத தாய் இல்லை. ஆனால் குழந்தை தூங்கினாலும் உங்களால் தூங்க முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, இரண்டு வாரமாகியும் தெளியவில்லை என்றால் இது பதற்ற நோயோ மனச்சோர்வோ ஆகலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், மேலே சொன்ன தைராய்டும் பார்க்கட்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு ராத்திரிகூடத் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறவர்களுக்கு, செர்ட்ராலின் போன்ற சில மாத்திரைகளே வியர்வையைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குக் குழந்தை தங்கலை, சிஸ்டர். ஆனாலும் வேர்க்குது, பாலும் வருது.

உடம்புக்கு அந்தச் செய்தி தெரியாது, அம்மா. நஞ்சுக்கொடி வந்துவிட்டதால் அது தன் வேலையைச் செய்கிறது. வியர்வைக்கு மேலே சொன்ன எல்லாமே உங்களுக்கும் பொருந்தும், ஓய்வும் சாப்பாடும் உட்பட. பால் கட்டி வலித்தால் வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த துணியை வையுங்கள். பாலை நிறுத்த மருந்தும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். உங்களைச் சீக்கிரம் எழுந்து வேலை பார்க்கச் சொல்கிறவர்களிடம், நீங்களும் பிள்ளை பெற்ற உடம்புக்காரிதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதை நிறுத்த மாத்திரை ஏதும் இல்லையா?

தானாக நிற்கப்போகிற ஒன்றுக்கு மாத்திரை தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் இரத்தம் உறைவதற்கு வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், அந்த மாத்திரை அதைக் கூட்டும், பாலையும் குறைக்கலாம்.

எப்போ ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

வியர்வையோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு நடுக்கம். தீட்டில் துர்நாற்றம், அடிவயிற்று வலி. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிற இரத்தப்போக்கு. மூச்சுத் திணறல், படுத்தால் மூச்சு விட முடியாமை, நெஞ்சுவலி. ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதையில் வலி. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. கர்ப்பத்தில் கொதிப்பு இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரலாம். ஜன்னி பற்றிச் சொன்னபோது சொன்ன அதே வலிப்புதான்.

இன்னொரு வகை வியர்வை இருக்கிறது. முகம் வெளுத்து, கைகால் சில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்த்து, ஆள் மயங்குகிற மாதிரி இருப்பது. இது சூட்டு வியர்வை அல்ல. உள்ளேயோ வெளியேயோ இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். 108ஐ அழையுங்கள். போகலாமா வேண்டாமா என்ற குழப்பம் மட்டும்தான் என்றால் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

நான் அவங்க வீட்டுக்காரர். அவ வேர்த்து எழுந்திருக்கிறப்போ நான் என்ன செய்யணும்?

இதைக் கேட்டவர்கள் இத்தனை வருடத்தில் மூன்றே பேர், அதனால் கடைசியில் வைத்தேன். நனைந்த வேட்டியை உருவி உலர்ந்ததைப் போடுங்கள். சொம்பில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். அவள் துணி மாற்றுகிறவரை குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் அந்த ஈரத்துணியை நீங்களே துவைத்துக் காயப்போட்டால், அடுத்த ராத்திரிக்கு ஆகும்.